கருவிப் பெட்டிக்கு முன்னால் ஒரு நோட்டுப்புத்தகம்

புதிதாக மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி, வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கருவிப் பெட்டியில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?" என்றுதான். பட்டியல் சொல்வது எளிது. ஆனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "தண்ணீர்ப் பம்புக்கான ஃபியூஸ் எங்கே இருக்கிறது, தெரியுமா?" பெரும்பாலும் தெரியாது என்பார்கள். அதை முதலில் தேடிக் கண்டுபிடியுங்கள், ஸ்பேனரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன்.

வேலை பார்த்த காலம் முழுக்க மின்மோட்டார்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தவள் நான். அங்கே பழகிய எவருக்கும் ஓர் உண்மை தெரியும்: பழுதைச் சரிசெய்ய ஆகும் நேரத்தில் பெரும்பகுதி தேடுவதிலேயே போய்விடும். எந்த வயர், எந்த ஸ்விட்ச், எந்த அளவு, உதிரிப்பாகத்தின் எண் என்ன என்று அலைவதுதான் வேலை. கழற்றி மாட்டுவது கடைசி பத்து நிமிடம். சாலையோரத்தில், இருட்டில், மழையில் அந்தத் தேடல் இன்னும் நீளும். அதனால் தேட வேண்டியதையெல்லாம் வண்டி வாசலில் நிற்கும்போதே தேடி முடித்துவிட வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

மோட்டார்ஹோமை ஒரே வண்டியாக நினைக்கக் கூடாது. அடியில் இருப்பது ஒரு வாகன நிறுவனத்தின் சேஸிஸ், அதாவது எஞ்சினும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டம்: ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், ஃபோர்டு டிரான்ஸிட் என்று ஏதாவது ஒன்று. அதன்மேல் வீட்டைக் கட்டியது பெரும்பாலும் வேறொரு நிறுவனம். அந்த வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர், குளிர்பெட்டி, பம்பு, சார்ஜர் ஆகியவை ஆளுக்கொரு தயாரிப்பாளருடையவை. உத்தரவாதமும் அப்படியே துண்டுதுண்டாகத்தான் இருக்கும். எஞ்சின் பார்க்கும் பட்டறைக்காரர் ஹீட்டரைத் தொட மாட்டார். வீட்டுப் பகுதியைப் பார்ப்பவர் பிரேக் பக்கம் வர மாட்டார். ஏதாவது ஒன்று நின்றுபோனால், இது யாருடைய சரக்கு என்று சொல்லத் தெரிவதுதான் பாதி வேலை.

இதற்காக நான் வைத்திருப்பது தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப்புத்தகம். முதல் பக்கத்தில் வண்டியின் 17 எழுத்து அடையாள எண். உதிரிப்பாகம் விற்பவர் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் பிரேக் தட்டும் ஃபில்டரும் மாறும். அடுத்த பக்கத்தில் டயர் அளவு, அது தாங்கும் எடைக் குறியீடு, முன்னும் பின்னும் வைக்க வேண்டிய காற்றழுத்தம், சக்கர நட்டை இறுக்க வேண்டிய அளவு. பிறகு பெல்ட் எண், எண்ணெய் ஃபில்டர், டீசல் ஃபில்டர், காற்று ஃபில்டர் எண்கள். வீட்டுப் பகுதியில் ஒவ்வொரு சாதனத்துக்கும் மாடல் எண், வரிசை எண். இந்த ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருக்கும் இடங்கள் பொல்லாதவை: குளிர்பெட்டிக்குள் ஓர் ஓரத்தில், ஹீட்டருக்குப் பின்புறத்தில், கட்டிலுக்கு அடியில். கைப்பேசியை உள்ளே நுழைத்துப் படம் எடுத்து, எழுதி, படத்தை அச்சிட்டும் ஒட்டியிருக்கிறேன். கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். வண்டி நிற்கும் அதே நேரத்தில் கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போவது அரிதான விஷயம் இல்லை.

ஃபியூஸ் பக்கம் எழுதுவதற்கு நேரம் பிடித்தது. ஆனால் அதைவிடப் பயனுள்ள வேலை வேறு எதையும் நான் செய்ததில்லை. வீட்டுப் பகுதியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, என்ன அணைகிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒருவர் பெட்டி அருகில், மற்றவர் உள்ளே ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் போட்டுப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். நானும் கணவரும் அப்படித்தான் செய்தோம். எஞ்சின் பக்க ஃபியூஸ்களை இப்படிப் பிடுங்கக் கூடாது. அவற்றுக்கு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் படமே போதும். இது தவிர, பெட்டிக்கு வெளியே ஒளிந்திருக்கும் ஃபியூஸ்களும் உண்டு: வீட்டு பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பட்டை ஃபியூஸ், சூரிய மின் தகட்டிலிருந்து வரும் வயரில் ஒன்று, சில வண்டிகளில் பம்புக்கு அருகில் வயரோடு சேர்ந்த ஒன்று. அவற்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டையான இரண்டு கால்கள் கொண்ட கத்தி ஃபியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஒவ்வொரு நிறத்திலும் சிலவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. நீலம் எரிந்துபோன இடத்தில் பச்சையைச் செருகுவதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். அங்கே ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். மரமும் பஞ்சும் பசையும் சேர்ந்த சுவருக்குள் ஓடும் வயர் அது.

அடுத்து, மின்சாரத்தில் ஓடும் எதையும் கையால் இயக்கும் வழி. மடங்கும் படி, வெளியே நீளும் அறை, பந்தல் துணி, வண்டியைச் சமமாக நிறுத்தும் கால்கள், கூரையிலிருந்து இறங்கும் கட்டில்: மோட்டார் நின்றால் அவசரத்துக்குக் கையால் இழுக்கவோ சுற்றவோ பெரும்பாலானவற்றில் ஒரு வழி வைத்திருப்பார்கள். அறுகோண முனைக்கு ஒரு சாவி, பிரேக்கை விடுவிக்க ஒரு நெம்புகோல், இழுத்தால் கழன்றுவிடும் ஓர் ஊசி என்று விதவிதமாக. அந்தச் சாவி ஏதோ ஓர் அறையின் மூலையில் பிளாஸ்டிக் பையோடு கிடக்கும். அதை எடுத்து, இது எதற்கானது என்று எழுதிக் கட்டி, ஒருமுறையாவது கையால் இயக்கிப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் மழையில் புறப்படும் நேரத்தில் எங்கள் படி உள்ளே போகவில்லை. அடியில் குனிந்து ஊசியை இழுத்து, படியை மேலே தூக்கி, பட்டையால் கட்டிவிட்டுக் கிளம்பினோம். முன்பே செய்து பார்த்திருந்ததால் அது கால்மணி நேர வேலையாக முடிந்தது. பந்தலும் நீளும் அறையும் அப்படியல்ல. வெளியே நீண்டபடி நின்றுவிட்டால் வண்டி நகரவே முடியாது. ஆகவே புறப்படும் நாள் காலையில் அவசர அவசரமாக மடக்காமல், காற்று எழும்பும் என்று தெரிந்தால் முதல் நாள் மாலையே மடக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

இப்போது என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். மோட்டார்ஹோமில் "கெட்டுப்போய்விட்டது" என்று சொல்லப்படும் சாதனங்களில் பல கெட்டுப்போனவையே அல்ல. அவற்றுக்குப் போதிய வோல்ட் போய்ச் சேருவதில்லை. ஒரு பயணத்தில் இரவில் ஹீட்டர் கிளம்பும், விசிறி சுற்றும், தீ பற்றும் முன் பிழை எண் காட்டி நின்றுவிடும். வரிசையாக இதுதான். கணவர் ஹீட்டரைக் கழற்ற வேண்டுமோ என்றார். நான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட். ஹீட்டர் இணைப்பில், அது ஓட முயலும் நேரத்தில், 10.8. இடையில் ஏறக்குறைய 2 வோல்ட் காணாமல் போகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை ஹீட்டரின் எதிர்முனையிலும் வைத்தேன், அங்கேயே 1.5 வோல்ட் காட்டியது. நல்ல இணைப்பு என்றால் அந்த இடத்தில் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். எதிர்முனைகளை இணைக்கும் எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனால், இருக்கைக்கு அடியில் சேஸிஸில் முறுக்கியிருந்த ஒரு போல்ட். வயர் முனையைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, போல்ட்டை அவிழ்த்து, உப்புத்தாளால் வளையத்தையும் இரும்பையும் பளிச்சென்று தேய்த்து, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்கினேன். ஹீட்டர் முதல் முயற்சியிலேயே எரிந்தது.

அதனால் மல்டிமீட்டர் வாங்குங்கள் என்று மட்டும் சொல்வது போதாது. எல்லாம் நன்றாக ஓடும் நாளில் அளந்து எழுதி வையுங்கள். ஈய அமில பேட்டரி, சார்ஜ் ஏறிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்தால் 12.7 வோல்ட் அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12க்குக் கீழே போகவிட்டால் அதன் ஆயுளைத் தின்கிறோம் என்று பொருள். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் என்பதால் கொஞ்சம் மாறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் கணக்கு வேறு. கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று திடீரென்று விழும். அதோடு 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. உங்கள் வண்டியின் நல்ல நாள் எண்கள் கையில் இருந்தால், கெட்ட நாளில் எது மாறியிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எஞ்சின் பக்கத்துக்கு அதே வேலையைச் செய்வது, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் பிழை எண்ணைப் படித்துக் காட்டும் சிறிய கோட் ரீடர். எச்சரிக்கை விளக்கு எரியும்போது பி0562 என்று வந்தால் மின்னழுத்தம் குறைவு. ஆல்டர்னேட்டர், பெல்ட், பேட்டரி இணைப்பு என்று தேடலாம். பட்டறைக்குத் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொன்னாலே எதிர்முனையில் பேச்சு தெளிவாகிவிடும்.

டயர் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. காரில் டயர் தேய்ந்து சாகும். மோட்டார்ஹோமில் பெரும்பாலும் வயதாகிச் சாகும். வருடத்தில் பல மாதங்கள் ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்கிறது, வெயில் படுகிறது, ரப்பர் வறள்கிறது. மேல்வரிப் பள்ளங்கள் புதியது போலவே இருக்கும். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் உள்பக்கத்தில் இருக்கும். விளக்கோடு கீழே படுத்துப் பார்க்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் உள்சக்கரத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. 10 ஆண்டைத் தாண்டிய டயரை ஓட்ட வேண்டாம் என்று டயர் நிறுவனங்கள் பல சொல்கின்றன. மோட்டார்ஹோம்காரர்கள் பலர் 6, 7 ஆண்டிலேயே மாற்றிவிடுகிறார்கள். நானும் அந்தக் கட்சி. பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தால் ஆண்டுக் கணக்கையே பார்க்க மாட்டேன். வேகத்தில் வெடிக்கும் டயர் சும்மா காற்றை மட்டும் விடுவதில்லை. கிழிந்த பட்டை சுழன்று சுழன்று சக்கரத்துக்கு மேலிருக்கும் தட்டைக் கிழிக்கும், அந்த இடத்தில் ஓடும் தண்ணீர்க் குழாயையும் வயரையும் இழுத்துப் போடும். டயர் விலையோடு முடிகிற கதை அல்ல அது.

காற்றழுத்தத்தை ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வண்டியின் உண்மையான எடையைப் பொறுத்தது. தண்ணீர், டீசல், துணிமணி, ஆட்கள் எல்லாம் ஏறியபின் எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்பதையும் இன்றே பாருங்கள். பல மோட்டார்ஹோம்களில் ஸ்டெப்னியே கிடையாது. ஒரு பசைக் குப்பியும் சிறு கம்ப்ரஸரும்தான். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பசை எதற்கும் ஆகாது. ஸ்டெப்னி வைத்திருந்தால் ஜாக்கி அந்த அச்சின் எடையைத் தாங்குமா, நட்டை அசைக்க நீண்ட கைப்பிடி உண்டா என்று பாருங்கள். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயம் எளிது. எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்பு அவ்வப்போது "டர்ர்" என்று ஓடி நின்றால் எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் உள்ளே ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. இரவில் வண்டி அமைதியாக இருக்கும்போது காது கொடுத்தால் போதும். ஹோஸ் கிளிப் சில, குழாய் இணைப்பு சில, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் ஒன்று இருந்தால் பெரும்பாலான கசிவுகளை அடுத்த ஊர்வரை சமாளித்துவிடலாம். கூரையில் விரிசல் கண்டால் அதற்கு ஏற்ற, அந்தக் கூரைப் பொருளுக்கென்று சொல்லப்பட்ட பூச்சைத்தான் பயன்படுத்த வேண்டும். கையில் கிடைத்த சிலிகானைப் பூசிவிட்டால் பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது; சரிசெய்ய வருபவர் முதலில் அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நாளைச் செலவிடுவார்.

எரிவாயுவில் நான் செய்வது இரண்டே இரண்டு: சிலிண்டரை மூடுவது, சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. அதற்குமேல் உரிமம் பெற்றவர் வர வேண்டும். இதில் துணிச்சல் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையில் தேங்கி நிற்கும். அதற்காகத்தான் தரையில் துளைகள் விட்டிருக்கிறார்கள். குளிர் வருகிறது என்று அவற்றை அடைத்துவிடாதீர்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள். குளிரில் அடுப்பு மங்கலாக எரிந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கும் முன் சிலிண்டரில் இருப்பது என்ன என்று பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் −42 டிகிரி வரை தாங்கும். அதேபோல வாயுவில் ஓடும் குளிர்பெட்டி குளிரவில்லை என்றால், வண்டி சமமாக நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே அம்மோனியாக் கரைசல் தானாக ஓடிச் சுற்ற வேண்டும்; சரிவில் நின்றால் அது சுற்றாது. அம்மோனியா நெடி அடித்தால் மட்டும் உடனே அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

என் கருவிப் பெட்டி பெரியது அல்ல. ஸ்பேனர், சாக்கெட் செட், திருப்புளிகள், குறடு, மல்டிமீட்டர், தலையில் மாட்டும் விளக்கு, உப்புத்தாள், வயர் இணைப்புகள், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, ராட்செட் பட்டை இரண்டு. உதிரியாக ஃபியூஸ், பல்பு, எஞ்சின் பெல்ட், ஒரு தண்ணீர்ப் பம்பு. பெல்ட்டை எனக்கு மாட்டத் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. சரியான பெல்ட் வண்டியிலேயே இருந்தால், வழியில் கிடைக்கும் எந்த மெக்கானிக்கும் அன்றே மாட்டிவிடுவார். இல்லாவிட்டால் அது வந்து சேரும்வரை நாள்கணக்கில் நிற்க வேண்டும்.

சாலையோர உதவித் திட்டத்தின் விதிகளைப் புறப்படுமுன் உட்கார்ந்து படியுங்கள். கார்களுக்கான திட்டங்களில் நீளம், உயரம், எடை ஆகியவற்றுக்கு வரம்பு இருக்கும். உங்கள் வண்டி அதைத் தாண்டினால், அழைத்தபின்தான் இழுவை வண்டி வராது என்பது தெரியவரும். அழைக்கும்போது முதல் வாக்கியத்திலேயே இது மோட்டார்ஹோம், இத்தனை மீட்டர் நீளம், இவ்வளவு உயரம், இத்தனை டன், முன்சக்கர ஓட்டமா பின்சக்கர ஓட்டமா என்று சொல்லிவிடுங்கள். இழுவைக் கொக்கி எங்கே மாட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். உதவி வரும்வரை வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒளிரும் அங்கி அணிந்து, போக்குவரத்து இல்லாத பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். அங்கிகள் கதவுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும், பின்பக்க அறையில் அல்ல.

இழுத்துச் செல்வது வண்டியை மட்டுமல்ல, உங்கள் வீட்டையும். அதனால் மருந்து, ஆவணங்கள், சார்ஜர், இரண்டு நாள் உடை கொண்ட ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். பட்டறையில் கேட்க வேண்டியவை: இரவில் வளாகத்துக்குள்ளேயே வண்டியில் தூங்கலாமா, மின் இணைப்பு கிடைக்குமா, பாகம் வர எத்தனை நாள். கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் நிறைய. கேட்காதவர்கள்தான் விடுதிக்குச் செலவழிக்கிறார்கள். இதற்கெல்லாம் இடம் கொடுக்க, பயணத் திட்டத்தில் எதுவும் பதிவு செய்யாத நாட்கள் ஆங்காங்கே இருக்க வேண்டும். அடுத்த நாளே எங்கோ போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் வெப்பமானி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை ஓட்டத் தோன்றும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பட்டறை வாசலிலேயே ஒரு சுற்றுப் பாருங்கள். விளக்குகள், படி, பம்பு, சிலிண்டர், அடியில் ஏதாவது சொட்டுகிறதா. செய்த வேலையும் மாட்டிய பாகத்தின் எண்ணும் ரசீதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 80 கிலோமீட்டருக்குள் ஓரிடத்தில் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதித்துவிட்டு ஓட்டுங்கள்.